கையைப் பிடிக்காமல் மூச்சை எண்ணுவது

1

அயர்லாந்தில் யாரிடமாவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "கிராண்ட்" என்பார்கள். மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிறவரும் கிராண்ட்தான், பெண்டாட்டியை அடக்கம் செய்துவிட்டு வந்தவரும் கிராண்ட்தான். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு "கிராண்ட்" என்றதும், மனுஷருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று டாக்டருக்குப் போன் போட்டுவிட்டேன். வார்டே சிரித்தது. சிரிக்கட்டும். நம் ஊரில் இதற்கு "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்" என்று பெயர். அதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இந்த அக்டோபரோடு நான் திருச்சியை விட்டு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. அதை வைத்து ஏதாவது எழுதுங்கள் என்று ஊர்ப் பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். குளிர், பஸ், பக்கத்து வீட்டு நாய் என்று எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. போன அக்டோபரில் நடந்ததே திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்கிறது. அதையே எழுதித் தொலைக்கிறேன்.

ஷிஃப்டில் என் முதல் வேலை வைட்டல்ஸ் எடுப்பது. உடம்புச் சூடு, நாடித்துடிப்பு, பிபி, ரத்தத்தில் ஆக்ஸிஜன், மூச்சு. மற்றதற்கெல்லாம் கையில் ஒரு மெஷின் உண்டு. எங்கள் வார்டில் மூச்சுக்கு மட்டும் கண்தான். அதிலும் ஒரு சங்கடம். "உங்க மூச்சை எண்ணப்போறேன்" என்று சொல்லிவிட்டால் போச்சு, நோயாளி உடனே இன்ஸ்பெக்‌ஷனுக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி ஒழுங்காக மூச்சுவிட ஆரம்பித்துவிடுவார். அதனால் திருச்சியில் நர்ஸிங் படிக்கும்போதே ஒரு திருட்டுத்தனம் பழகிவிட்டோம். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வது. நாடியை எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல், பார்வையை மட்டும் நெஞ்சுக்கு நகர்த்துவது. அவர் நாம் இன்னும் நாடி பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு மூச்சுவிடுவார். சோம்பேறிகள் எண்ணாமலே எல்லோருக்கும் நிமிஷத்துக்குப் பதினாறு என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

கை எட்டாத இடத்தில் இருக்கிறவரின் மூச்சை எப்படி எண்ணுவது என்பதை மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

2

எங்கள் வீடு உறையூரில். அம்மா சகாயமேரி ஆரம்பப்பள்ளி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். தெருவுக்கே அவள் டீச்சர். அப்பாவும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார், கேலியா மரியாதையா என்று கண்டுபிடிக்க முடியாது. அம்மா பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளியெல்லாம் கேட்கிறவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் ஜெபமாலை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே மந்திரத்தை மணிக்கு ஒன்றாக ஐம்பது தரம் சொல்வோம். முதல் பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்ற எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். எங்கள் வீட்டில் முதல் பாதி எப்போதும் அம்மாவுக்குத்தான். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, நாங்கள் பின்பாதியை இழுத்தால் கண்ணை மூடியபடியே தொடையில் கிள்ளுவாள்.

இங்கே வந்த பிறகு அது போனில் நடக்கிறது. அங்கே ஏழு மணி என்றால் இங்கே மதியம். வேலை நாளில் காருக்குள் உட்கார்ந்துகொண்டு சேர்ந்துகொள்வேன், லீவு நாளில் சமையலறை மேடையில் போனைச் சாத்திவைத்து. என் மகள் ஜெனிக்குப் பத்து வயது. தமிழ் புரியும், பேச வாய் கூசும். பின்பாதியை அவள் இங்கிலீஷில் முணுமுணுப்பாள். அம்மாவுக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு, காட்டிக்கொள்ள மாட்டாள்.

"ஸ்கூல் எப்படி இருக்கு கண்ணு?"

"கிராண்ட், பாட்டி."

"கிராண்டா? ஸ்கூல் நடத்துறாங்களா, கல்யாணம் நடத்துறாங்களா?"

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. வீடியோவில் வருவதென்றால் அம்மா முகம் கழுவி, பவுடர் போட்டு, பூ வைத்துக்கொண்டுதான் வந்து உட்காருவாள். மகளைப் பார்க்க அழகாக வருகிறாள் என்று நானும் பூரித்துப்போவேன். நர்ஸ் நான். ஒரு நோயாளி முகத்தில் அத்தனை பவுடரைப் பூசியிருந்தால், முதலில் அதைத் துடைத்துவிட்டுத்தான் உதட்டின் நிறத்தைப் பார்ப்பேன். அம்மா என்றால் புத்தி அங்கே போவதில்லை.

3

அக்டோபர் ஜெபமாலை மாதம். அந்த மாதத்தில் அம்மா இன்னும் தீவிரமாகிவிடுவாள். ஆனால் போன வருஷம் ஒரு வாரமாக அப்பாதான் முதல் பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டால், "டீச்சருக்குத் தொண்டை கட்டியிருக்கும்மா." வீடியோ கேட்டால், "நெட்டு சரியில்ல." உறையூரில் நெட் சரியில்லை என்றால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

அன்றைக்கு சனிக்கிழமை, எனக்கு லீவு. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னேன், "அப்பா இழுக்கிற இழுப்புக்கு எனக்குத் தூக்கம் வருது. இன்னிக்கு அம்மா சொல்லட்டும்." அங்கே ஏதோ குசுகுசு. பிறகு அம்மா ஆரம்பித்தாள்.

முதல் பாதியின் நடுவில் நின்றாள்.

அப்பாவுக்குப் பழக்கதோஷம். அவள் நின்றதும் பின்பாதியைத் தொடங்கிவிட்டார். ஜெனியும் தொடங்கிவிட்டாள். "இருங்க... இன்னும்... முடிக்கல," என்றாள் அம்மா. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி வேறொரு இடத்தில் நின்றாள். மறுபடி அப்பா நுழைந்தார். ஜெனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார், "என்ன டீச்சர், பிரேக் பிடிச்சுப் பிடிச்சுப் போற?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழாயை மூடினேன். நாற்பது வருஷமாக ஒரே மூச்சில் சொன்ன முதல் பாதி மூன்று துண்டாகியிருந்தது. எந்த நோயாளியிடமும் நான் முதலில் கவனிப்பது அதைத்தான், ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடிகிறதா என்று.

"வீடியோ போடுங்கப்பா."

"நெட்டு..."

"போடுங்கப்பா!"

போட்டார். பவுடர், பூ எல்லாம் இருந்தது. அம்மா நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. "என்னடி... அப்படிப் பாக்குற? ஒண்ணுமில்ல... தொண்டைதான்."

நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் அடக்கிக்கொள்வாள். பிடித்துக்கொள்ள மணிக்கட்டும் இல்லை. ஜெனியை இழுத்துப் போனுக்கு முன்னால் உட்காரவைத்தேன். "பாட்டிக்கு உன் ஸ்கூல் டூர் கதையைச் சொல்லு. தமிழ்ல சொல்லு." பிள்ளை விழித்தது. "நாங்க... பஸ்ல... கடல் போச்சு" என்று தட்டுத் தடுமாறி ஆரம்பித்தது. பேத்தி தமிழ் பேசுகிறாள் என்றதும் அம்மாவுக்கு உலகமே மறந்துவிட்டது. வாயைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஜெனியின் தோளுக்கு மேலாக அம்மாவின் தோளைப் பார்த்து எண்ணினேன். அரை நிமிஷத்துக்குப் பதினாறு. அதை இரண்டால் பெருக்க எனக்குப் பயமாக இருந்தது.

4

"அப்பா, கோவிட் சமயத்துல வாங்குன ஆக்ஸிமீட்டர் இருக்கா? விரல்ல மாட்டுவோமே, அது."

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதெல்லாம் காலைல, சாயங்காலம் ரெண்டு வேளையும் பாத்துடுறேன்மா. தொண்ணூத்தெட்டு! டீச்சர் டிஸ்டிங்ஷன்ல பாஸ்."

தொண்ணூற்றெட்டு என்றால் என்னைவிட நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். ஒரு கணம் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. நம்பிவிடலாம் என்றுதான் ஆசை. ஆனால் அந்த எண்ணும் அந்தத் தோளும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. மெஷின் ஒன்று சொல்லி ஆள் வேறொன்று சொன்னால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

"இப்ப மாட்டிப் பாருங்க."

அப்பா ஸ்டூலை அம்மாவுக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டினார். விரலில் வைத்தார். "ஆங்... அதே தொண்ணூத்தெட்டு."

"கூடவே இன்னொரு நம்பர் காட்டும்ப்பா. பல்ஸ். அது எவ்வளவு?"

"அது கெட்டுப்போச்சும்மா. என்னமோ எண்ணூத்திப் பதினொண்ணுங்குது. நான் அதைப் பாக்கறதே இல்ல."

எண்ணூற்றுப் பதினொன்று. எந்தப் பிராணியின் நெஞ்சும் அப்படி அடிக்காது. ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மேடையில் இருந்த தண்ணீரில் விரலால் அந்த எண்ணை எழுதி, மறுபக்கம் போய் நின்று பார்த்தேன். தலைகீழாக அது நூற்றுப் பதினெட்டு. தொண்ணூற்றெட்டையும் தலைகீழாக நினைத்துப் பார்த்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தேன்.

"அப்பா, எதிர்ல உக்காராதீங்க. எழுந்திரிச்சு அம்மா பக்கத்துல போய் உக்காருங்க. அம்மா பாக்குற பக்கத்துலேர்ந்து படிங்க."

ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

"அப்பா?"

"நூத்திப் பதினெட்டு, பாப்பா."

"இன்னொண்ணு?"

"எண்பத்தாறு." பிறகு, எனக்கா தனக்கா என்று தெரியாமல், "நான் தினம் பூசைக்குப் போறப்பல்லாம் எல்லார்கிட்டயும் தொண்ணூத்தெட்டுன்னு சொன்னேனே," என்றார்.

அம்மாவின் எதிரிலேயே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்திருக்கிறார், பாவம். வேறு யாராவது பக்கத்திலிருந்து படித்திருந்தால் ஒரு வாரம் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

5

நூற்றெட்டுக்குப் போன் பண்ணுங்கள் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தெருவுக்குள் சைரன் வைத்த வண்டி வரக்கூடாதாம். ஜெபமாலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்கக்கூடாதாம். நாளைக்குக் காலையில் ஆட்டோவில் போய்க்கொள்ளலாமாம். இதையெல்லாம் இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். வார்டில் நான் எதற்கும் குரல் உயர்த்தாதவள் என்று பெயர் எடுத்தவள். அன்றைக்கு அடிவயிற்றிலிருந்து கத்தினேன். ஜெனி மிரண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அப்பா போனைக் கீழே வைத்துவிட்டு, வண்டிக்கு வழிகாட்ட தெருமுனைக்கு ஓடினார்.

அவர் வைத்த விதத்தில் எனக்கு மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது. அம்மாவின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

வேறொரு போனில் ரங்கநாயகியைக் கூப்பிட்டேன். என்னோடு நர்ஸிங் படித்தவள், ஸ்ரீரங்கத்துக்காரி, அங்கேயே ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். பாதி சொல்வதற்குள், "டீச்சருக்கா? இதோ கிளம்பிட்டேன். பெருமாள் இருக்கார். நீ அழுதுக்கிட்டு இருக்காத, அம்மாகிட்ட பேச்சுக் குடு" என்று வைத்துவிட்டாள்.

பேச்சுக் கொடுத்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. மனசு ரங்கநாயகியின் ஸ்கூட்டர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. இப்போது மாம்பழச் சாலை தாண்டியிருப்பாள். பாலத்தில் சனிக்கிழமைக் கூட்டம் இருக்குமே. சிந்தாமணியில் பஸ் குறுக்கே நிற்குமே. சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டால் வந்துவிடுவாள். தாண்டுவாளா? விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சும் முடிந்து அடுத்தது வரும்வரை எனக்கு உயிர் இல்லை. அடுத்தது வந்தால், அதற்கு அடுத்தது வருமா என்றிருந்தது.

"பாட்டி செத்துப்போயிடுவாங்களா?" என்று ஜெனி கேட்டாள். பிழையில்லாத தமிழில் கேட்டாள்.

வண்டிக்கு முன்னால் ரங்கநாயகி வந்துவிட்டாள். போனை எடுத்துத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்தாள். ஒரு வார்த்தை நலம் விசாரிக்கவில்லை. புடவை முந்தானையால் அம்மா முகத்திலிருந்த பவுடரை அழுத்தித் துடைத்தாள். உதட்டைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். பிறகு எனக்குக் கேட்கும்படி ஒவ்வொன்றாகச் சொன்னாள், மாணவிகளாக இருந்தபோது ஒருவருக்கொருவர் சொல்லிப் பழகிய வரிசையிலேயே. "உதடு நீலமா இருக்குடி. கை ஜில்லுங்குது. கால் ரெண்டும் வீக்கம், அமுக்கினா குழி அப்படியே நிக்குது. டீச்சர், எத்தனை தலகாணி வச்சுப் படுக்குறீங்க?"

"ரெண்டு," என்றாள் அம்மா.

மூச்சிரைக்க உள்ளே வந்த அப்பா அதைக் கேட்டுவிட்டார். "பொய் சொல்லாத டீச்சர்! படுக்கிறதே இல்லம்மா இவ. படுத்தா முட்டுதுன்னு சாப்பாட்டு மேஜைல தலைய வச்சு உக்காந்தேதான் தூங்குறா."

எத்தனை நாளாக என்று நான் கேட்டேன். வெளியே சைரன் கேட்டது.

6

இதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். ஐ.சி.யூ.வில் வைத்தார்கள்.

நான் போக முடியவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், வர வாரக்கணக்காகும். அவசரத்துக்கு வழி உண்டா என்று விசாரித்தேன். உண்டு, வைத்தியம் பார்க்கிற டாக்டரிடமிருந்து, உயிருக்கு ஆபத்து என்று எழுதிய கடிதம் வேண்டும் என்றார்கள். அம்மாவின் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வதா, தரக்கூடாது என்று வேண்டிக்கொள்வதா? டாக்டர் "இப்ப தேறிட்டு வர்றாங்களே, எப்படி எழுதுறது?" என்று சொல்லிவிட்டாராம். அந்தச் சந்தோஷத்திலேயே ஒரு மூலையில் ஏமாற்றமும் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஏன் மறைத்தாள் என்று அப்பாதான் சொன்னார். "நீ பாஸ்போர்ட்டைக் குடுத்திருக்கேன்னு சொன்ன அன்னிக்கே முடிவு பண்ணிட்டா. வர முடியாதவகிட்ட சொல்லி என்ன பண்ண, அங்க கெடந்து தவிப்பான்னு சொன்னா." வெளிநாட்டில் இருக்கிற எல்லோருக்கும் ஊரில் இந்தச் சலுகை உண்டு. கெட்ட சேதி நமக்குத்தான் கடைசியில் வரும். என் வார்டில் வேலை செய்யும் கேரளத்துப் பெண்ணும் பிலிப்பைன்ஸ் பெண்ணும் இதே கதையைச் சொன்னார்கள். அதனால் போன் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

அந்த நாட்களிலும் வேலைக்குப் போனேன். யார் யாருடைய மணிக்கட்டையோ பிடித்துக்கொண்டு நின்றேன். கிராண்ட், கிராண்ட் என்றார்கள்.

டிசம்பரில்தான் ஊருக்குப் போக முடிந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "திருடி, மூச்சைத்தானே எண்ணுற?" என்றாள். இனிமேல் எதையும் மறைக்கக்கூடாது, எது என்றாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று சண்டை போட்டேன். மாதா மேல் சத்தியம் செய் என்றேன். "சத்தியம்லாம் பண்ணக்கூடாதுடி. சொல்றேன், போ," என்றாள்.

7

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். அதுதான் இப்போது என் கஷ்டம்.

தினமும் எல்லாவற்றையும் சொல்கிறாள். இன்றைக்குக் கால் வீக்கம், இன்றைக்கு எடை கூடியிருக்கிறது, மாடிப்படி ஏறவில்லை, உப்பில்லாத சாம்பாரை நாய்கூடக் குடிக்காது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக்ஸிமீட்டரைப் படிக்கிறார், இரண்டு எண்ணையும் சொல்கிறார். முன்னேயெல்லாம் அவள் நல்லா இருக்கேன் என்பாள், நான் பாதி நம்பி நிம்மதியாகத் தூங்குவேன். இப்போது அந்தப் பாதியும் இல்லை. பழைய மாதிரி ஒரு பொய் சொல்ல மாட்டாளா என்று சில நாள் ஏங்கிப்போகிறேன்.

போன வாரம் ஒருநாள் ஜெபமாலை முடிந்ததும் அப்பா ஏதோ வாங்கக் கடைக்குப் போனார். நான் போனை வைக்கப்போனேன்.

"ஸ்டெல்லா," என்றாள் அம்மா. "எது இருந்தாலும் சொல்லணும்னு சொன்னேல்ல?"

"ஆமாம்மா. என்ன பண்ணுது? நெஞ்சு வலிக்குதா? கால் வீங்கியிருக்கா?"

"அதெல்லாம் இல்ல. நம்பர்லாம் சரியாத்தான் இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பயமா இருக்குடி."

என் அம்மா பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நோயாளிகள் இப்படிச் சொல்லும்போது சொல்வதற்கு எங்களிடம் நல்ல நல்ல வாக்கியங்கள் உண்டு. நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று சொல்வோம். டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று சொல்வோம். எந்த நோயாளியிடமும் நமக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லக்கூடாது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா," என்றேன்.

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமே என்று நினைத்தேன்.

"அப்பாடா," என்றாள் அம்மா. "உங்கப்பாகிட்ட சொன்னா, தொண்ணூத்தாறு இருக்கு டீச்சர், என்ன பயம்ங்குறார். ரங்கநாயகி, பெருமாள் பாத்துப்பார்ங்குறா. ஃபாதர் வந்து மந்திரிச்சுட்டுப் போறார். ஒருத்தருக்குமே பயமில்லையாம். எனக்கு மட்டும்தான் போலன்னு நெனச்சேன்."

"இல்லம்மா. எனக்கும்தான். தினமும்."

"சரி. வேலை இருந்தா போ."

"வேலை இல்ல."

"அப்ப போனை வைக்காத. பேசவும் வேணாம். சும்மா இரு."

இருந்தேன். இந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது, அந்தப் பக்கம் யார் வீட்டுக் குக்கரோ கூவியது. அப்பா கடையிலிருந்து வந்து கதவைத் தட்டும்வரை, இரண்டு பேரும் அப்படியே பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.